பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவருக்கு மன்னிப்பு உண்டா?

திருப்பூரில் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்த ஆளைப் பற்றி யாரும் துருவித் துருவி விசாரிப்பதில்லை. "எந்த ஊருப்பா? ஓவர்லாக் ஓட்டுவியா?" இந்த இரண்டு கேள்வியோடு ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் இன்டர்வியூ முடிந்துவிடும். பீஸ் ரேட்டுக்குத் தைத்தால் சனிக்கிழமை கையில் சம்பளம். ஊரில் கடன் வைத்துவிட்டு வந்தவர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர் என எல்லோரையும் இந்த ஊர் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் அதே ஊரில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியின் கேட்டைத் தாண்டினால் கதை வேறு. ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், பி.எஃப். எண் வேண்டும். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து ஒவ்வொரு பைலாகப் பிரித்துப் பார்ப்பார். அந்த கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வேலைக்குப் பல இடங்களில் முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை. "மிலிட்டரில இருந்தேன்" என்று வாயால் சொன்னால் அங்கே போதாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டவேண்டும். எத்தனை வருடம் இருந்தார், எப்படி வெளியே வந்தார், நடத்தை எப்படி என எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் புத்தகம் இல்லாமல் படையை விட்டு வந்தவர் என்ன ஆவார்? லீவில் வந்தவர் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டால் சட்டம் அவரை எத்தனை காலம் தேடும்? அரசாங்கம் எப்போதாவது "சரி, போ" என்று விடுமா? உலகத்தில் பல அரசுகள் விட்டிருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே இலங்கை திரும்பத் திரும்ப அதைச் செய்திருக்கிறது. எப்போது விடுகிறார்கள், யாரை விடுகிறார்கள் என்று பார்த்தால், மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருப்பது தெரியும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஆகவே 'ஆள்சேர்ப்பைத் தவிர்த்தவர்' என்று இங்கே யாரும் இல்லை. விரும்பிச் சேர்ந்துவிட்டு, பிறகு விட்டு ஓடுவதுதான் குற்றம்.

1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. அனுமதியில்லாமல் வராமல் இருப்பது ஒன்று (39-வது பிரிவு). அதற்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. திரும்பி வரும் எண்ணமே இல்லாமல், அல்லது ஒரு குறிப்பிட்ட பணியிலிருந்து தப்புவதற்காக ஓடுவது இன்னொன்று (38-வது பிரிவு). போர் அல்லது களப்பணி நேரத்தில், அல்லது அதற்கு உத்தரவு வந்த பிறகு ஓடினால் மரண தண்டனை வரைகூடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்ற நேரத்தில் 7 ஆண்டு சிறை வரை. இரண்டுக்கும் வித்தியாசம், ஓடியவரின் மனதில் என்ன இருந்தது என்பதுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவை நீட்டித்துக்கொண்டே போனவரும், சீருடையைக் கழற்றி வீசிவிட்டு ரயிலேறியவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஆனால் மனதில் இருந்ததை நிரூபிப்பது எப்படி? அவர் எவ்வளவு நாள் வராமல் இருந்தார், வேறு வேலையில் சேர்ந்தாரா, தானாக வந்தாரா, பிடித்துக்கொண்டு வரப்பட்டாரா என்பதை வைத்துத்தான். தைரியமிழந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் 39-லிருந்து 38-ஐ நோக்கித் தள்ளும்.

30 நாள் தாண்டியும் வராவிட்டால் விசாரணை நீதிமன்றம் கூடும். ஆள் காணாமல் போனதும், அவரிடம் இருந்த அரசுப் பொருள்களில் என்னென்ன குறைகின்றன என்பதும் பதிவாகும். அதன் பிறகும் அவர் வராவிட்டால், பிடிபடாவிட்டால், ஓடிப்போனவராகவே கருதப்படுவார். கமாண்டிங் அதிகாரி ஊர் காவல் துறைக்கு எழுதுவார். ஓடி வந்தவர் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். வராமல் இருந்த நாள்களுக்குச் சம்பளம் பிடித்தம். டிஸ்மிஸ் ஆனால் பென்ஷன் போய்விடும் என்பது பொது விதி.

பலருக்குத் தெரியாத விஷயம், காலக்கெடு. ராணுவச் சட்டத்தின் 122-வது பிரிவு, பொதுவாகக் குற்றம் நடந்து 3 ஆண்டுக்குப் பிறகு ராணுவ நீதிமன்ற விசாரணையைத் தொடங்க முடியாது என்கிறது. படையை விட்டு ஓடியதற்கு அந்தக் கெடு பொருந்தாது. 'பத்து வருஷம் ஆச்சு, இனி யாரு கேக்கப்போறாங்க' என்று நினைப்பது சட்டப்படி தப்புக் கணக்கு. அதே பிரிவுக்குள் சின்னதாக ஒரு மன்னிப்பும் ஒளிந்திருக்கிறது. அதிகாரி அல்லாத ஒருவர் களப்பணி இல்லாத காலத்தில் ஓடியிருந்து, பிறகு ராணுவத்திலேயே 3 ஆண்டு தொடர்ந்து முன்மாதிரியாகப் பணிபுரிந்திருந்தால், பழைய ஓட்டத்துக்காக அவரை விசாரிக்கக் கூடாது. அதாவது, மன்னிப்பு உண்டு. ஆனால் அது படைக்குள்ளே இருப்பவருக்கு மட்டும்.

இதைத் தவிர, அரசியல் சாசனத்தின் 72-வது பிரிவில் குடியரசுத் தலைவருக்கு ராணுவ நீதிமன்றத் தண்டனையையும் மன்னிக்கும் அதிகாரம் இருக்கிறது. அது தனித்தனி ஆளுக்கு, தண்டனை வந்த பிறகு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று மொத்தமாகக் கூப்பிட்டு விடுவிக்கும் வழக்கம் இந்திய ராணுவத்தில் இல்லை.

அடைக்கலம் கொடுத்தவர் கதி?

இதுதான் பனியன் கம்பெனிக்காரர்களும், ரூம் வாடகைக்கு விடுபவர்களும் கொஞ்சம் நின்று படிக்கவேண்டிய இடம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 164-வது பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 136), முப்படைகளிலிருந்து ஓடி வந்தவர் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ அடைக்கலம் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அடைக்கலம் என்றால் வீட்டுக்குள் ஒளித்து வைப்பது மட்டுமல்ல. தங்க இடம், சாப்பாடு, பணம், துணிமணி, வண்டி வசதி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

தெரியாமல் வேலை கொடுத்தவருக்குப் பயமில்லை. 'தெரிந்து' என்பதுதான் இந்தப் பிரிவின் உயிர்நாடி.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. ஓடி வந்தவரின் கணவனோ மனைவியோ அடைக்கலம் கொடுத்தால் குற்றமில்லை. பழைய சட்டத்தில் மனைவிக்கு மட்டும் இருந்த விலக்கு, புதிய சட்டத்தில் 'வாழ்க்கைத்துணை' என்று மாறியிருக்கிறது. அவ்வளவுதான். பெற்ற தாய்க்கு விலக்கு இல்லை. நள்ளிரவில் கதவைத் தட்டும் மகனுக்குச் சோறு போடும் அம்மா, சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், மருமகளைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார். 1860-ல் எழுதிய பிரிவைப் புதுப்பிக்க 2023-ல் உட்கார்ந்தவர்களுக்கு இது உறுத்தவில்லை போலிருக்கிறது.

பஞ்சாபில் நடந்தது

இந்தியாவில் ஓடிப்போன படைவீரர்கள் ஒரு அரசியல் ஒப்பந்தத்தின் வரியாகவே மாறிய சம்பவம் ஒன்று உண்டு. 1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள் ராணுவம் நுழைந்தது. செய்தி பரவியதும் நாட்டின் பல இடங்களில் சீக்கியப் படைவீரர்கள் முகாமை விட்டுக் கிளம்பினார்கள். பீகாரின் (இப்போது ஜார்கண்ட்) ராம்கரில் இருந்த சீக்கிய ரெஜிமென்ட் மையத்தில் அதன் தலைவரான பிரிகேடியர் எஸ்.சி. புரி கொல்லப்பட்டார். கிளம்பியவர்களில் பலர் வழியிலேயே மடக்கப்பட்டனர். சண்டையில் சிலர் இறந்தனர். பிடிபட்டவர்களுக்கு ராணுவ நீதிமன்றம் காத்திருந்தது.

ஓராண்டு கழித்து, 1985 ஜூலை 24-ல் ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு மறுவாழ்வும் வேலையும் கிடைக்க முயற்சி எடுக்கப்படும் என்று ஒரு வாசகம் வந்தது. அந்த வாசகத்தைக் கவனியுங்கள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. திரும்பப் படையில் சேர்ப்போம் என்ற பேச்சும் இல்லை. வேலை என்றுதான் இருந்தது. ராணுவம் தன் ஒழுங்கை விட்டுக்கொடுக்காமல், அரசாங்கம் மட்டும் ஒரு படி இறங்கி வந்த ஏற்பாடு அது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட லோங்கோவால் அடுத்த மாதமே, ஆகஸ்ட் 20-ல், சுட்டுக்கொல்லப்பட்டார்.

இலங்கை: ஒரு மாதத்தில் 15 ஆயிரம் பேர்

இந்த விஷயத்தில் தமிழ் வாசகர் தெரிந்துகொள்ளவேண்டிய பெரிய உதாரணம் இலங்கைதான். அங்கும் கட்டாய ஆள்சேர்ப்பு நடைமுறையில் இருந்ததில்லை. எல்லோரும் தாங்களாகச் சேர்ந்தவர்கள். ஆனால் 'தாங்களாக' என்ற சொல்லுக்குள் வறுமை எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். தென்னிலங்கையின் விவசாயக் கிராமங்களில் ஆண் பிள்ளைக்கு நிலையான மாதச் சம்பளம் என்றால் ராணுவம். பெண் பிள்ளைக்கு கார்மெண்ட்ஸ். 1992-ல் அதிபர் பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்து, நகரத்துக்கு வெளியே கிராமப்புறங்களில் யூனிட்டுகளைத் திறக்கவைத்தார். அந்தக் கிராமத்துத் தொழிற்சாலைகளில் பெண்களோடு பழகி, மானுடவியலாளர் கைட்ரின் லிஞ்ச் 2007-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஜூகி' இருக்கிறது. திருப்பூர் டெய்லர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத தையல் மெஷின் பெயர். அக்கா ஜூகியில், தம்பி போர்முனையில். நமக்குப் போட்டியாக ஏற்றுமதி செய்யும் அந்த நாட்டின் பல வீடுகளில் இதுதான் நிலைமை.

போர் நடந்த காலத்தில் தப்பியோடியவர் எண்ணிக்கை பல பத்தாயிரங்களைத் தொட்டது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமைப் புலிகள் தாக்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் கொல்லப்பட்டனர். அப்படி ஒரு செய்திக்குப் பிறகு லீவில் வீட்டுக்கு வந்த பையனைத் திரும்ப அனுப்ப எந்த வீட்டுக்கு மனசு வரும்? ராணுவம் அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தது. போர்க்காலத்து அறிவிப்புகளின் சாரம் எளிமையானது: திரும்பி வா, தண்டனை இல்லை, துப்பாக்கியை எடு.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. பொதுமன்னிப்பு முடியவில்லை. ஆனால் அதன் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. 2020-ல் சுதந்திர தினத்தை ஒட்டி பிப்ரவரி 5 முதல் 12 வரை ஒரு வாரம். 2022-ல் நவம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை. 2024-ல் ஏப்ரல் 20 முதல் மே 20 வரை. இந்தச் சமீபத்திய அறிவிப்புகளின் சாரம் வேறு: வா, கையெழுத்துப் போடு, சட்டப்படி விலகிக்கொள், வீட்டுக்குப் போ. 2024-ன் அந்த ஒரு மாதத்தில் முப்படைகளிலிருந்தும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விலகல் பெற்றனர்.

என்ன மாறியது? 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசை. அந்த நிலையில் சுமார் 2 லட்சம் பேருக்கு இடம் வைத்திருந்த ராணுவத்தை 2024-க்குள் 1.35 லட்சமாகவும், 2030-க்குள் 1 லட்சமாகவும் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. இருப்பவரை அனுப்பினால் பணிக்கொடை, பென்ஷன், எதிர்ப்பு. ஏற்கெனவே ஓடிப்போனவரின் பெயரை அடித்தால்? ஒரு தாள், ஒரு கையெழுத்து. பட்டியல் சுத்தமாகும், தேடும் செலவும் மிச்சம்.

இதைத் திருப்பூர் வியாபாரிகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் தமிழக அரசு வணிக வரி நிலுவைகளுக்குச் சமாதானத் திட்டம் கொண்டுவந்தபோது, 50 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த பாக்கியை முழுசாகவே தள்ளுபடி செய்தது. அந்தச் சின்னப் பாக்கியை வசூலிக்க ஆகும் செலவு, பாக்கியைவிட அதிகம். நோட்டீஸ் அனுப்பி அனுப்பிக் களைத்த பேரேட்டை மூடிவைக்க அது ஒரு வழி. கொழும்பு செய்ததும் ஏறத்தாழ அதேதான். பேரேட்டில் ரூபாய்க்குப் பதிலாக மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வரிசையில் நின்றவருக்கு அந்தத் தாள் என்ன கொடுத்தது? பட்டியலில் பெயர் இருக்கும்வரை முறையான வேலைக்கு மனுப் போடுவதே ரிஸ்க். வளைகுடாவுக்கோ கொரியாவுக்கோ கிளம்பினால் விமான நிலையத்திலேயே மாட்டலாம். கொத்து வேலை, ஆட்டோ, தோட்டக்கூலி என்று பெயர் எழுதாத வேலைகளிலேயே காலம் போகும். சாலைத் தடுப்பைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். விலகல் கடிதம் அந்தப் பயத்தை முடித்து வைக்கிறது. பென்ஷன் இல்லை, மரியாதை இல்லை, ஆனால் சொந்தப் பெயரில் வேலை தேடலாம்.

2025 பிப்ரவரியில் காற்று மறுபடி மாறியது. துப்பாக்கிச் சூடுகளிலும் பாதாள உலகக் குழுக்களிலும் தப்பியோடிய படையினருக்குப் பங்கிருக்கிறது என்ற பேச்சு வலுத்ததும், பாதுகாப்புச் செயலாளர் சம்பத் துயகொந்தா அவர்களைப் பிடிக்க முப்படைகளுக்கு உத்தரவிட்டார். சில வாரங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆயுதப் பயிற்சி உள்ள வேலையில்லாத இளைஞனை கும்பல்கள் தேடிப் பிடிப்பது உண்மைதான். ஆனால் ஒரு மாதத்தில் தன் பெயர், ஊர், ரெஜிமென்ட் எல்லாம் சொல்லி வரிசையில் வந்து நின்றவர்கள் 15 ஆயிரம் பேர். கூலிக்குச் சுடுகிறவன் அந்த வரிசைக்கு வரமாட்டான். அந்தச் சிலருக்காக, வரிசையைத் தவறவிட்ட மற்ற எல்லோருக்கும் சேர்த்து இப்போது வலை விரித்திருக்கிறார்கள்.

மறுபக்கத்தில் மன்னிப்பு இருந்ததா?

இலங்கையில் உண்மையான கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தது அரசின் பக்கத்தில் இல்லை, வன்னியில். போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் 'வீட்டுக்கு ஒருவர்' என்று பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். கடைசி மாதங்களில் அது இன்னும் கொடுமையானது என்பதை ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் பதிவு செய்தது. பிள்ளையைப் பதுங்குகுழியில் மறைத்தவர்கள், அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தவர்கள் என வன்னிக் குடும்பங்கள் பட்ட பாடு தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் இன்றும் பேசப்படும் கதை.

போர் முடிந்ததும் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் 'முன்னாள் போராளிகள்' என்று புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இருபது வருடம் இயக்கத்தில் இருந்தவரும் அதில் உண்டு. பிடித்துக்கொண்டு போய் சில வாரமே ஆன பிள்ளையும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அடைப்பு. வெளியே வந்த பிறகும் புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பது நிற்கவில்லை என்பது அவர்களில் பலருடைய புகார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளத்துக்குச் சேர்ந்து ஓடியவருக்கு ஒரு கையெழுத்தில் விலகல் கடிதம் கிடைத்தது. விருப்பமில்லாமல் இழுத்துச் செல்லப்பட்டவருக்கு முள்கம்பி வேலி. ராணுவத்திலிருந்து ஓடியவருக்கு மன்னிப்புக் கொடுக்க ஓர் அரசு மிச்சம் இருந்தது. வன்னிப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்களோ அழிந்துபோனார்கள். 'நீ போகலாம்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

மற்ற நாடுகள்

அமெரிக்காவில் வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பைத் தவிர்த்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கனடாவுக்குப் போனார்கள். 1974 செப்டம்பர் 8-ல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, தனக்கு முன் பதவியில் இருந்த நிக்சனுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் மன்னிப்புக் கொடுத்தார். எட்டு நாள் கழித்து, 16-ம் தேதி, போரைத் தவிர்த்தவர்களுக்கும் மன்னிப்பு அறிவித்தார். இதற்கு நிபந்தனை உண்டு: விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டும், 2 ஆண்டு வரை பொதுச்சேவை வேலை செய்யவேண்டும். படையை விட்டு ஓடியவர்களுக்கு 'கருணை விடுவிப்பு' என்று புதிதாக ஒரு சான்றிதழே உருவாக்கினார்கள். அதைக் காட்டினால் முன்னாள் படைவீரருக்கான சலுகை எதுவும் கிடைக்காது. அதிபருக்கு ஒரு சட்டம், பையனுக்கு ஒரு சட்டமா என்று கேட்டுத் திட்டத்தைப் பலர் புறக்கணித்தார்கள்.

1977 ஜனவரி 21, பதவியேற்ற மறுநாள். அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிபந்தனையில்லாத மன்னிப்பு அறிவித்தார். ஆனால் யாருக்கு? ஆள்சேர்ப்பைத் தவிர்த்தவர்களுக்கு மட்டும். சேர்ந்த பிறகு ஓடியவர்களுக்கு அதில் இடமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: சத்தியம் செய்துவிட்டு மீறியது வேறு, சேராமலே இருந்தது வேறு. ஆனால் சேராமலே தப்பிக்க வழக்கறிஞர் வேண்டும், கல்லூரி இடம் வேண்டும், கனடாவுக்குப் போகக் காசு வேண்டும். அது இல்லாதவன் சேர்ந்தான். போர் என்றால் என்ன என்று பார்த்த பிறகு ஓடினான். அந்த மன்னிப்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது.

போர் நடக்கும்போது அறிவிக்கும் மன்னிப்புக்கு ஆபிரகாம் லிங்கனே நல்ல உதாரணம். 1863 மார்ச்சில், ஏப்ரல் 1-க்குள் திரும்பி வந்தால் வராத நாள் சம்பளம் மட்டும் போகும், வேறு தண்டனை இல்லை என்றார். 160 வருடம் கழித்து உக்ரைன் செய்வதும் அதுதான். 2024-ல் அந்நாட்டு நாடாளுமன்றம், முதல் முறை அனுமதியின்றிப் போனவர் தானாகத் திரும்பினால் வழக்கில்லை என்று சட்டத்தைத் தளர்த்தியது. 2025 ஜனவரி 1 என்று வைத்த கெடு மார்ச் 1 ஆனது, பிறகு ஆகஸ்ட் வரை நீண்டது. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். கெடு நீள நீள, ஆள் பற்றாக்குறையும் தெரிந்தது.

சிரியாவில் பஷார் அல் அசாத் 2018 அக்டோபரில், உள்நாட்டில் இருப்பவருக்கு 4 மாதமும் வெளிநாட்டில் இருப்பவருக்கு 6 மாதமும் கெடு வைத்து மன்னிப்பு அறிவித்தார். தண்டனைதான் ரத்து, ராணுவ சேவை ரத்தாகவில்லை. வந்தால் சிறைக்குப் பதில் போர்முனை. அகதியாக வெளியேறியவர்கள் இதை நம்பாததில் ஆச்சரியமில்லை.

தாமதமாக வந்த மன்னிப்புக்கு அயர்லாந்து. இரண்டாம் உலகப்போரில் நடுநிலை வகித்த அந்த நாட்டின் ராணுவத்தை விட்டு, ஹிட்லருக்கு எதிராகச் சண்டையிட பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர்கள் உட்பட சுமார் 5,000 பேரை 1945-ல் ஒரே உத்தரவில் நீக்கினார்கள். ஏழு வருடம் அரசு சம்பந்தப்பட்ட எந்த வேலையும் கிடையாது. 'பட்டினி உத்தரவு' என்றே அதற்குப் பெயர் வந்தது. 2013-ல் சட்டம் போட்டு மன்னித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

மன்னிப்பே வேண்டாம் என்று நிற்கும் நாடும் உண்டு. கொங்கு மண்டலத்திலிருந்து சிங்கப்பூரில் குடியேறிய குடும்பங்களுக்கு இது வீட்டு விஷயம். அங்கே 1967 முதல் ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். பெற்றோர் மூலம் நிரந்தரவாசம் பெற்ற பையன்களுக்கும் பொருந்தும். தவிர்த்தால் 10 ஆயிரம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. முன்பு அபராத உச்சவரம்பு 5,000-ஆகத்தான் இருந்தது. பியானோ கலைஞர் மெல்வின் டான் பல ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு 2005-ல் அபராதம் மட்டும் கட்டி வெளியே வந்தார். 'எங்கள் பிள்ளைகள் இரண்டு வருஷம் வெயிலில் காயலையா?' என்று பெற்றோர் கொதித்தார்கள். அரசு தண்டனையைக் கூட்டியது. எல்லா வீட்டுப் பிள்ளையும் போகிற நாட்டில், போகாதவரை மன்னித்தால் போனவர் கேட்பார்.

அக்னிவீரர்களுக்கு?

திருப்பூர் மாவட்டப் பையன்களுக்கு ராணுவ ஆள்சேர்ப்பு கோவை அலுவலகத்தின் கீழ் வருகிறது. 2022 முதல் அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டுக்குத்தான் எடுக்கிறார்கள். அதில் 25 சதவீதம் பேர் வரை தொடரலாம், மற்றவர்கள் வெளியே. நாலு வருடத்தில் எப்படியும் விட்டுவிடுவார்கள் என்பதால் நடுவில் கிளம்பினாலும் பரவாயில்லை என்ற எண்ணம் சிலருக்கு வரலாம். அது தவறு. மிக விதிவிலக்கான சூழலில், உரிய அதிகாரி அனுமதித்தால் ஒழிய, காலம் முடியும் முன் சொந்த விருப்பத்தில் விலக முடியாது. ராணுவச் சட்டம் அக்னிவீரருக்கும் அப்படியே பொருந்தும்.

ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டவருக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: தாமதிக்காமல் சரணடைவது. யூனிட்டுக்கு நேராகப் போகலாம். காவல் நிலையத்தில் சரணடைந்தால், எந்தத் தேதியில் எங்கே சரணடைந்தார் என்று அந்த நிலைய அதிகாரி கையெழுத்திட்ட சான்று ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். பிடிபட்டவர் அல்ல, தானாக வந்தவர் என்பதற்கு அதுதான் ஆதாரம். அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, யூனிட்டுக்கு அனுப்பிய கடிதம், லீவு நீட்டிப்புக் கேட்ட தந்தி அல்லது மெசேஜ் என எது இருந்தாலும் கையோடு எடுத்துப் போகவேண்டும். திரும்பிப் போகும் எண்ணம் இருந்தது என்று காட்ட அதுவே உதவும். ராணுவச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.